ஏழு கன்னியர் மலையில் நின்றுபோன ஹஜ் பயணம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் அறுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

1974 டிசம்பர் 4, புதன்கிழமை. இரவு பத்து மணி கடந்து சில நிமிடங்கள். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க நோக்கி வந்துகொண்டிருந்த ஒரு ஜெட் விமானம், மஸ்கெலியா பக்கம் ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. சிங்கள மக்கள் 'சப்த கன்யா' என்று சொல்லும் அதே மலைதான். மோதிய சிகரத்தை அஞ்சிமலை என்பார்கள். அடிவாரத்தில் தெபர்டன் தோட்டம். விமானத்தில் 182 ஹஜ் யாத்திரிகர்களும் 9 பணியாளர்களும் இருந்தார்கள். 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இன்றுவரை அதிக உயிர்களைப் பலிகொண்டது இதுதான். நாம் தினமும் பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் பார்க்கும் மலையில் நடந்தது. ஆனால் எங்கள் வகுப்புகளில் இதைப் பற்றிக் கேட்டால், "ஒரு பிளேன் விழுந்ததாம் சேர்" என்பதற்கு மேல் பிள்ளைகளிடம் பதில் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே நமக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று நினைத்தோம்.

*யார் அந்தப் பயணிகள்?*

182 பேரும் கிழக்கு ஜாவாவைச் சேர்ந்தவர்கள். பிலிட்டார், லமோங்கான் ஆகிய பகுதிகளின் மக்கள். ஜாவாவின் அந்தப் பக்கம் வயலும் கிராமமும் நிறைந்த நிலம். ஹஜ் என்பது அங்கேயும் நம் ஊரைப் போலத்தான். பல வருடச் சேமிப்பு, பல வருட நிய்யத். புறப்படும் நாளில் ஊரே வந்து வழியனுப்பும் பயணம்.

ஹிஜ்ரி 1394ஆம் ஆண்டின் ஹஜ் அது. அரபாவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இருக்கவில்லை. கொழும்பில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, அங்கிருந்து ஜித்தா போவதுதான் திட்டம்.

விமானம் ஒல்லாந்துக் கம்பனியான மார்ட்டின்எயார் உடையது. இந்தோனேசியாவின் கருடா நிறுவனத்துக்காக அந்தப் பயணத்தை நடத்தியது. பணியாளர்கள் 9 பேரில் 7 பேர் ஒல்லாந்தர், 2 பேர் இந்தோனேசியர். ஆக இந்த விபத்துக்காக ஜாவாவின் கிராமங்களிலும் அழுகை, நெதர்லாந்தின் வீடுகளிலும் அழுகை. விழுந்த இடம் மட்டும் நமது மலை.

அந்தக் காலத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான வருடங்களாக ஜாவாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கப்பலில் போனார்கள். வாரக்கணக்கில் கடல். 1970களில் அந்தப் பயணம் கடலிலிருந்து வானத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சொந்த விமானங்கள் போதாது. அதனால் வெளிநாட்டுக் கம்பனிகளின் விமானங்களையும் பணியாளர்களையும் சேர்த்தே வாடகைக்கு எடுத்தார்கள். இந்த விமானமும் அப்படி வந்ததுதான்.

*அந்த இரவு நடந்தது என்ன?*

சுரபாயாவிலிருந்து புறப்பட்டு நாலரை மணி நேரத்துக்கு மேல் இந்து சமுத்திரத்தின் மேலே பறந்து வந்த விமானம், கிழக்குப் பக்கமிருந்து இலங்கையை நெருங்கியது. கட்டுநாயக்க இருப்பதோ மேற்குக் கரையில். இடையில் நிற்பது நமது மலைநாடு.

கொழும்புக் கட்டுப்பாட்டு நிலையத்துடன் வானொலித் தொடர்பு ஏற்பட்டது. படிப்படியாக உயரம் குறைக்க அனுமதி கிடைத்தது. முதலில் 15,000 அடி அளவுக்கு. பிறகு 5,000 அடிக்கு. கடைசியாக 2,000 அடிக்கு. ஓடுபாதை கண்ணில் பட்டதும், அல்லது கட்டுநாயக்கவில் உள்ள வானொலி வழிகாட்டிக்கு மேலே வந்ததும் அறிவிக்கும்படி சொல்லப்பட்டது.

அந்த அறிவிப்பு வரவேயில்லை.

2,000 அடி என்பது நீர்கொழும்புக் கடலேரிக்கு மேலே வந்துவிட்ட விமானத்துக்குச் சரியான உயரம். அங்கே தென்னந்தோப்பும் வயலும்தான். ஆனால் நமது மலைநாட்டுக்கு மேலே இருக்கும் விமானத்துக்கு அது மரண உயரம். பிதுருதாலகால 8,281 அடி. சிவனொளிபாத மலை 7,359 அடி. விமானம் மோதிய இடம் ஏறத்தாழ 4,355 அடி. அனுமதிக்கப்பட்ட 2,000 அடியை எட்டுமுன்னே மலை குறுக்கே வந்துவிட்டது.

கட்டுநாயக்க இன்னும் ஏறத்தாழ 40 கடல் மைல், அதாவது 74 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தது. இறங்கும் வேகத்தில் வரும் ஒரு ஜெட் விமானத்துக்கு அது சுமார் பத்து நிமிடம். பத்து நிமிடம் கழித்து எடுக்க வேண்டிய முடிவைப் பத்து நிமிடம் முந்தி எடுத்துவிட்டார்கள்.

*ஏன் அப்படி நடந்தது?*

இந்த விபத்தைப் பற்றிப் பல கதைகளைச் சொல்கிறார்கள். மலையில் தெரிந்த விளக்குகளை விமான நிலையம் என்று நினைத்தார்கள் என்பார் ஒருவர். விமானம் முதலிலேயே பழுதாகிவிட்டது என்பார் இன்னொருவர். கன்னியர்களின் கோபம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துபவர்களும் உண்டு.

விசாரணைக் குழுவின் முடிவு எளிமையானது. விமான நிலையத்திலிருந்து தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதைப் பணியாளர்கள் தவறாகக் கணித்துவிட்டார்கள்; அதனால் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே முன்கூட்டியே இறங்கினார்கள். அத்தோடு இன்னொன்றையும் குழு சொன்னது. அவர்கள் நம்பியிருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடரும் தவறாக விளங்கிக்கொள்ள இடம்தரக்கூடியவை என்றது.

இந்த இரண்டாவது வசனத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் விளக்குகிறோம்.

இன்று நமது கைபேசியே நாம் எந்தச் சந்தியில் நிற்கிறோம் என்று சொல்லிவிடும். 1974இல் செய்மதி வழிகாட்டி பயணிகள் விமானங்களுக்கு இல்லை. நடுக்கடலுக்கு மேலே இரவில் பறக்கும் விமானம் தான் எங்கே என்பதைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டொப்ளர் என்பது அதற்கான ஒரு முறை. நம்மைக் கடந்து வேகமாகப் போகும் அம்புலன்ஸின் சத்தத்தைக் கவனித்திருப்பீர்கள். வரும்போது ஒரு சுருதி, கடந்து போனதும் இன்னொரு சுருதி. அந்த மாற்றத்தை அளந்தால் வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். அதே தத்துவம்தான். விமானம் கீழ்நோக்கி வானொலி அலைகளை அனுப்பும். அவை தரையிலோ கடலிலோ பட்டுத் திரும்பும். திரும்பி வரும் அலையின் மாற்றத்திலிருந்து விமானத்தின் வேகமும் காற்று அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதும் தெரியும். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் தூரம். ஏழாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும் கணக்கு.

ஆனால் இதில் ஒரு பலவீனம் உண்டு. தவறு சேர்ந்துகொண்டே போகும். சுரபாயாவிலிருந்து கொழும்பு வரை ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். அதில் 2 வீதம் பிசகினால் எவ்வளவு? 80 கிலோமீற்றர். கட்டுநாயக்கவுக்கும் நமது மலைக்கும் இடையிலான தூரத்தைவிடக் கூட. அந்த விமானத்தில் பிசகு சரியாக இந்த அளவில்தான் நடந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நூற்றுக்கு 98 மார்க் எடுத்த கணக்குகூட ஒரு மலையைத் தப்பவிடும் என்பதைக் காட்டத்தான் இந்த உதாரணம்.

இரண்டாவது கருவி வானிலை ராடர். அது உண்மையில் மழைமேகத்தைப் பார்ப்பதற்கானது. அதைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் கரையின் வடிவம் மங்கலாகத் திரையில் தெரியும். அனுபவமுள்ள கண் அதைப் பார்த்து இது இன்ன கரை, இது இன்ன முனை என்று ஊகிக்கும். ஊகம் என்பதை மறக்க வேண்டாம். ஏற்கெனவே மனதில் ஒரு முடிவு இருந்தால் திரையில் தெரிவதும் அந்த முடிவுக்குச் சாட்சி சொல்வது போலவே தெரியும். இது விமானிகளுக்கு மட்டும் உள்ள குறையல்ல. மனிதர் எல்லாருக்கும் உள்ளது.

*ஜெட் யுகம் எப்படிப் பாடம் படித்தது?*

ஜெட் இயந்திரம் மனிதனுக்குக் கொடுத்த வேகம் பெரியது. அந்த வேகத்தோடு வாழப் பழகுவதற்கு அவன் கொடுத்த விலையும் பெரியது. முதலில் அந்த விலையைக் கொடுத்தவர்கள் இராணுவ விமானிகள், அதிலும் பயிற்சியில் இருந்த இளைஞர்கள்.

இரண்டாம் உலகப்போரின் கடைசியில் பிரித்தானிய வான்படை கொண்டுவந்த முதல் ஜெட் போர்விமானம் மீற்றியோர். அதன் சேவைக்காலத்தில் சுமார் 890 மீற்றியோர்கள் விபத்தில் அழிந்தன. சுமார் 450 விமானிகள் இறந்தார்கள். 1953ஆம் ஆண்டில் மட்டும் 145 விமானங்கள். அவற்றைச் சுட்டு வீழ்த்தியவர் எவருமில்லை. மீற்றியோருக்கு இரண்டு இயந்திரம். ஒன்று நின்றால் மற்றதை வைத்து எப்படி இறங்குவது என்று பழக்குவதற்காக, பயிற்சியில் வேண்டுமென்றே ஒன்றை நிறுத்துவார்கள். உண்மையாக இயந்திரம் பழுதாகி இறந்தவர்களைவிட, பழுதானால் என்ன செய்வது என்று பழகும்போது இறந்தவர்கள் அதிகம் என்ற நிலை வந்தது. பாடமே பிள்ளையைக் கொல்லும் நிலை. பயிற்சி முறையையே மாற்ற வேண்டும் என்பதை இவ்வளவு உயிர் போன பிறகுதான் புரிந்துகொண்டார்கள்.

நமது நாட்டுக்கும் இது அந்நியமான கதையல்ல. 1951இல் தொடங்கிய இலங்கை வான்படைக்கு முதல் ஜெட் விமானங்கள் 1959இல் வந்தன. ஜெட் புரவோஸ்ட் என்ற பயிற்சி ஜெட். பின்னாளில், 2011 மார்ச் 1 அன்று, வான்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் ஜெட்கள் கம்பஹா பக்கம் வானத்திலேயே மோதின; ஒரு விமானி உயிரிழந்தார். 2020 டிசம்பரில் கந்தளாயில் ஒரு பயிற்சி விமானம் விழுந்து பயிற்சி விமானி ஒருவர் இறந்தார். அதே ஆண்டு ஜனவரி 3 அன்று நமது மலைநாட்டிலேயே, அப்புத்தளையில், வான்படையின் வை-12 விமானம் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். அப்புத்தளைச் செய்தி வந்தபோது நம்மில் பலர் கைபேசியில் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏழு கன்னியர் மலையை நினைத்தவர்கள் எத்தனை பேர்?

*மூன்று நாட்களில் இரண்டு மலைகள்*

இன்னொரு செய்தி. நமது மலையில் விபத்து நடப்பதற்கு மூன்று நாள் முந்தி, 1974 டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் வொஷிங்டன் நகருக்குப் பக்கத்தில் ஒரு போயிங் 727 மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். விமான நிலையத்தை நெருங்க அனுமதி கிடைத்ததும், இனி உயரம் குறைக்கலாம் என்று விமானிகள் எண்ணிக்கொண்டார்கள். அந்த அனுமதிக்குக் கட்டுப்பாட்டு நிலையம் வைத்த பொருள் ஒன்று, விமானி எடுத்துக்கொண்ட பொருள் இன்னொன்று. நடுவில் மலை.

இரண்டு இடத்திலும் விமானம் நல்ல நிலையில் இருந்தது. யாரும் குண்டு வைக்கவில்லை. விமானி தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விமானத்தை, தனக்குத் தெரியாமலே மலைமேல் செலுத்தினார். விமானத்துறையில் இந்த வகை விபத்துக்குத் தனிப் பெயரே உண்டு. அந்தக் காலத்தில் பயணிகளை அதிகமாகக் கொன்ற விபத்து வகைகளில் இது முன்னணியில் இருந்தது.

அமெரிக்க விபத்து நடந்த அதே டிசம்பர் மாதத்திலேயே, பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாம் தரையை நெருங்கும்போது எச்சரிக்கும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று அந்த நாட்டு அரசு உத்தரவிட்டது. கனடாவில் பிறந்த டொன் பேட்மன் என்ற பொறியியலாளர் முன்பே உருவாக்கியிருந்த கருவி அது. விமானத்துக்கும் கீழேயுள்ள நிலத்துக்கும் இடையிலான உயரம் ஆபத்தான வேகத்தில் குறைந்தால், விமானி அறையில் ஒரு குரல் எழும்: மேலே ஏறு, மேலே ஏறு என்று.

அந்த முதற்கருவிக்கும் ஒரு குறை இருந்தது. அது நேர் கீழே மட்டுமே பார்க்கும். முன்னால் செங்குத்தாக நிற்கும் மலையைக் காணாது. 1995 டிசம்பர் 20 அன்று தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் காலி நகருக்கருகே ஒரு விமானம் மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். அதில் அந்தக் கருவி இருந்தது, எச்சரித்தது, ஆனால் நேரம் போதவில்லை. அதன் பிறகு உலகத்தின் மலைகளையெல்லாம் தன் நினைவில் வைத்திருக்கும் புதிய கருவி பரவலாக வந்தது. செய்மதி சொல்லும் இடத்தையும் தன்னிடமுள்ள நிலப்படத்தையும் ஒப்பிட்டு, மலை கண்ணில் படுமுன்பே சொல்லிவிடும். இன்று நாம் உம்ராவுக்குப் போகும் விமானத்திலும், நமது பிள்ளைகள் தொழில் தேடிக் கட்டாருக்குப் போகும் விமானத்திலும் அந்தக் கருவி இருக்கிறது. அதன் நிலப்படத்தில் நமது ஏழு கன்னியர் மலையும் இருக்கிறது.

கருவி மட்டும் மாறவில்லை, பயிற்சியும் மாறியது. 1977இல் தெனெரிபே தீவில் இரண்டு ஜம்போ ஜெட்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்த பிறகு, விமானி அறையில் மூத்தவர் சொன்னால் இளையவர் வாய்திறப்பதில்லை என்ற பழக்கம் உலகத்தின் கவனத்துக்கு வந்தது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதற்காகவே ஒரு பட்டறை நடத்தியது. அதிலிருந்து வளர்ந்த பயிற்சியில், சந்தேகம் வந்தால் வாய்விட்டுச் சொல்ல இளைய விமானிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதைக் காதுகொடுத்துக் கேட்க மூத்த விமானிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பாடசாலை அதிபர்களும், பள்ளிவாசல் நிர்வாகிகளும், நாங்கள் ஆசிரியர்களும் படிக்க வேண்டிய பாடம் இது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு விஷயம் உண்டு. பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்தால் சிவப்புப் பேனாவால் குறுக்குக்கோடு போட்டுவிட்டுப் போகாதே. எந்த வரியில் அவன் வழிமாறினான் என்று பார். 1974இன் விசாரணைக் குழு செய்ததும் அதைத்தான். தவறு பணியாளர்களுடையது என்று சொன்னது. அதோடு நிற்காமல், கருவியே தவறுக்கு இடம் வைத்திருந்தது என்றும் சொன்னது. அந்த இரவில் இறந்த விமானிகளும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். 'விமானியின் பிழை' என்று இரண்டு சொல்லில் அவர்களை முடித்துவிடுவது நீதியாகாது.

இதே ஹஜ் பாதையில் இன்னொரு துயரமும் நடந்தது. 1978 நவம்பர் 15 அன்று, ஜித்தாவிலிருந்து சுரபாயா நோக்கி ஹாஜிமாரை ஏற்றி வந்த ஐஸ்லாந்துக் கம்பனியின் டிசி-8 விமானம், கட்டுநாயக்கவில் இறங்கும்போது பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் விழுந்தது. 262 பேரில் 183 பேர் இறந்தார்கள். 79 பேர் பிழைத்தார்கள். முதலாம் விமானத்தில் இருந்தவர்கள் மக்காவைக் காணாமல் போனார்கள். இரண்டாம் விமானத்தில் இறந்த யாத்திரிகர்கள் ஹஜ்ஜை முடித்து, வீட்டு வாசலைக் காணாமல் போனார்கள். நான்கு வருட இடைவெளியில், இரண்டும் நமது தீவில்.

*அந்த மலையடியில் அன்று யார் இருந்தார்கள்?*

இதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

1974 மலையகத்துக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று நம் பெரியவர்களிடம் கேளுங்கள். அரிசி இல்லை. மா இல்லை. உலகச் சந்தையில் தானிய விலை ஏறியிருந்தது. நாட்டில் பங்கீடு குறைக்கப்பட்டிருந்தது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்த காலம் அது. அதே ஆண்டு ஜனவரியில்தான் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் தீர்க்காமல் விட்ட 150,000 பேரை ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொள்வது என்று. மனிதரைப் பேரேட்டில் பாதி பாதியாகப் பிரித்த ஆண்டு அது. அடுத்த ஆண்டில் கம்பனித் தோட்டங்களை அரசு சுவீகரித்தது.

அந்த மலையைச் சுற்றி லயங்களில் படுத்திருந்தவர்கள் அப்படிப்பட்ட மக்கள். நாளைக்கு இந்த நாட்டில் இருப்போமா, கப்பலேறுவோமா என்று தெரியாதவர்கள். பசியோடு தூங்கியவர்கள். அந்த மலைக்கு வழி தெரிந்தவர்களும் அவர்கள்தான். எந்தத் தேயிலை மலையில் எந்த ஒற்றையடிப் பாதை எங்கே முடிகிறது என்பது கொழுந்து பறிப்பவருக்கும் கவ்வாத்து வெட்டுபவருக்கும் தெரியும்; கொழும்பிலிருந்து வருபவருக்குத் தெரியாது.

மொழி தெரியாத, பெயர் தெரியாத, எங்கோ ஜாவாவில் பிறந்த 182 பேரின் கடைசி இடம் இந்த ஏழைகளின் மலையாக இருந்தது. அவர்களுக்காக நோட்டன் பிரிட்ஜில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதே ஆண்டில் லயத்தில் பட்டினியால் இறந்த நம்மவர்களின் கணக்கோ பெயரோ எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு துயரத்தைக் காட்டி இன்னொன்றைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகவே நினைக்க வேண்டும் என்கிறோம். இரண்டு கூட்டமும் ஏழைகள். இரண்டுமே கண்காணாத இடத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளை நம்பியிருந்தவர்கள்.

*இனி நாம் செய்ய வேண்டியது*

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காக 1969இல் பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது நமக்குத் தெரியும். வரட்சியில் நீர்மட்டம் குறைந்தால் பழைய பள்ளிவாசலும் கோயிலும் விகாரையும் வெளியே தெரிகின்றன. உடனே நாம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம், பெரியவர்கள் அந்தக் காலத்துக் கடைத்தெருவைப் பற்றிக் கதைக்கிறார்கள். 1974 டிசம்பர் 4இன் நினைவு அப்படி வரட்சி வந்தால் தானாக மேலே வராது. அதை நினைவில் வைத்திருக்கும் மனிதர் போய்விட்டால் அதுவும் போய்விடும். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. அன்று முப்பது வயதில் மலையேறியவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்?

அதனால்தான் ஆரம்பத்தில் அப்படிக் கேட்டோம். மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ், நோர்வூட், ஹட்டன், பொகவந்தலாவை பக்கம் உள்ள உறவுகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

அந்த இரவு சத்தம் கேட்டதா? மழையா, பனிமூட்டமா? எங்கே இருந்தீர்கள்? முதலில் யார் மலைக்குப் போனார்கள்? அடுத்த நாள் தோட்டத்தில் வேலை நடந்ததா? பொலிஸும் இராணுவமும் எப்போது வந்தார்கள்? இறந்தவர்களுக்கு எங்கே, யார் பிரார்த்தனை செய்தார்கள்? நமது பள்ளிவாசல்களில் என்ன நடந்தது? கோயிலில், விகாரையில், தேவாலயத்தில்?

கைபேசியில் குரலாகப் பதிந்தாலே போதும். அவர்கள் சொல்வதைத் திருத்த வேண்டாம். ஒருவர் எட்டு மணி என்பார், இன்னொருவர் பன்னிரண்டு மணி என்பார். அப்படியே இருக்கட்டும். சொன்னவர் பெயரை வெளியில் போட விருப்பமில்லை என்றால் போடாதீர்கள். அவர்கள் அழுதால் பதிவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்கலாம். வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்பந்தங்களும் பஞ்சமும். புவியியலுக்கு மலைநாட்டின் உயரக் கோடுகள். விஞ்ஞானத்துக்கு டொப்ளர். கணிதத்துக்கு 4,000 கிலோமீற்றரில் 2 வீதம். ஒரே மலையில் நான்கு பாடம் இருக்கிறது. வீட்டில் பேசும் மொழி எதுவானாலும் எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

மலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒன்று. அது 191 பேர் உயிர்விட்ட இடம். இரும்புத் துண்டு கிடைத்தால் ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். சிரித்துக்கொண்டு செல்பி எடுக்கும் இடமும் அதுவல்ல. முஸ்லிம்கள் ஒரு துஆ ஓதுங்கள். மற்ற உறவுகள் தங்கள் வழக்கப்படி ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள்.

ஒவ்வொரு டிசம்பர் 4ஆம் திகதியும் இஷாவுக்குப் பிறகு, பத்து மணியளவில், வீட்டு வாசலில் நின்று மஸ்கெலியாப் பக்கம் ஒருமுறை பார்ப்போம். பிலிட்டாரிலும் லமோங்கானிலும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். தங்கள் பாட்டனார் எந்த மலையில் விழுந்தார் என்று அவர்கள் எப்போதாவது தேடிக்கொண்டு வந்தால், வழிகாட்டிச் சொல்ல இந்த ஊரில் பத்துப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும்.

அல்லாஹ் அந்த யாத்திரிகர்களின் நிய்யத்தை ஏற்று, அவர்களின் ஹஜ்ஜை நிறைவானதாக எழுதிக்கொள்வானாக. உடன் இறந்த பணியாளர்களின் குடும்பங்களுக்கும், அந்த ஆண்டு நமது லயங்களில் பசியால் மறைந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஆறுதல் கிடைக்கட்டும்.

பெரியவர்கள் சொன்னதைக் கீழே எழுதுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் எழுதுங்கள். நாங்கள் சேர்த்து வைக்கிறோம்.